குமரவேல் சொன்ன ‘சரி’

1. முதுகுக்குப் பின்னால்

டென்னிஸில் டபுள்ஸ் மட்டும் ஆடியே பதினாறு வருஷம் சோறு சாப்பிட்டவன் நான். விருத்தாசலத்தில் யாரிடமாவது சொன்னால், “தனியா ஆட வராதா உங்களுக்கு?” என்பார்கள். வராதுதான். இரண்டு பேராக ஆடுவது வேறு தொழில். அந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக என் பிழை ஒன்றை எழுதி வைக்கிறேன்.

பார்ட்னர் சர்வ் போடும்போது மற்றவன் நெட் அருகே நிற்பான். எதிராளிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கையால் சிக்னல் காட்டுவான். மூடிய கை என்றால், நின்ற இடத்திலேயே நிற்பேன் என்று அர்த்தம். விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன், நான் விட்ட பக்கத்தை நீ ஓடி வந்து பார்த்துக்கொள் என்று அர்த்தம். பின்னாலிருப்பவன் “சரி” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் சர்வ் போடுவான். நெட்டில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. அதில் எங்களுக்கு ஒரு வீண் பெருமை.

என் பார்ட்னர் குமரவேல் ஸ்ரீமுஷ்ணத்துக்காரன். எங்கள் ஊர் செராமிக் கம்பெனி கிளப்பின் சிமெண்ட் கோர்ட்டில் சேர்ந்து ஆடத் தொடங்கியவர்கள் நாங்கள். எட்டு வருஷமாக அவன் சர்வும் என் நெட்டும்தான் எங்கள் பிழைப்பு.

2. செமிஃபைனல்

வெளிநாட்டில் ஒரு சிறிய டோர்னமெண்ட். ஜெயித்தால் பெரிய போட்டிகளுக்குள் நுழையும் அளவுக்கு எங்கள் ரேங்க் ஏறும். அத்தனை வருஷம் ஊர் ஊராக அலைந்ததே அதற்காகத்தான்.

கடைசி செட்டும் சமமாகி, முடிவு சொல்லும் டைபிரேக். குமரவேல் சர்வ். விரித்த கையைக் காட்டினேன். “சரி” என்றான். பாய்ந்தேன். அவன் நகரவே இல்லை. பந்து காலிப் பக்கத்தில் விழுந்தது. அடுத்த சர்வுக்கு மூடிய கை. அதற்கும் “சரி” என்றான். நான் நின்றேன், அவனோ என் பக்கம் ஓடி வந்தான். பாதி கோர்ட் காலி. மேட்ச் போய்விட்டது.

கூட்டத்துக்கு முன்னாலேயே கத்தினேன். “கைய பாக்கறியா, கனவு காணறியா? எதுக்குடா சரின்னு சொன்ன?”

“என் தப்புதான்டா. வுடு.”

வேறு பார்ட்னர் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

3. புதுச்சேரி

இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி செல்வி போன் செய்தார். “அண்ணே, புதுச்சேரி ஆஸ்பத்திரில இருக்கோம். அவருக்கு ரெண்டு கண்ணும் மங்கிப் போயிருக்குது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. எனக்கு மனசு கேக்கல.”

அடுத்த பஸ்ஸில் போனேன். கருவிழி கூம்பாக வளைந்துகொண்டே போகும் நோயாம். ஆரம்பத்தில் வந்திருந்தால் அந்த அளவிலேயே நிறுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். இனி கருவிழி மாற்று ஆபரேஷன்தான். ஆட்டம் அவனுக்கு முடிந்துவிட்டது.

“எத்தன நாளாடா?” என்று கேட்டேன்.

“ஒரு வருஷம் இருக்கும். பந்து பெருசா வருது, சமாளிச்சிட்டேன். உன் விரலுதான் தெரியல.”

“அப்பறம் எப்பிடி ஆடுன?”

“பாயறதுக்கு முன்னாடி எடது தோள கொஞ்சம் எறக்குவ. அத வச்சுதான். அன்னைக்கு நீ பயந்துட்ட. தோளு ஒரு நெலயில இல்ல.”

“எங்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?”

“ரெண்டு பேரு ரேங்கையும் கூட்டித்தான எடம் குடுக்கறாங்க. நான் நின்னா நீயும் நின்னுடுவ.”

அன்றைக்கே உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். அவன் முன்னாலேயே சொல்லியிருந்தால், இந்த சீசன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது.

பிறகு நான்கு வருஷம் ஆடினேன். சிக்னல் காட்டுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பாயிண்டுக்கு முன்னாலும் பின்னால் நடந்து போய் பார்ட்னர் முகத்தைப் பார்த்து வாயால்தான் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கண் வலி, முழங்கால் வலி, வீட்டுக் கவலை எதுவானாலும் பார்ட்னர் உங்களிடம் தைரியமாகச் சொல்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள். நான் அப்படி நடந்துகொள்ளவில்லை. அதற்கு விலை கொடுத்தவன் குமரவேல்.