மீன் ஏன் கரிப்பதில்லை

இத்தனை வருட வேலையில் நான் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. இதை மற்ற ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பிரம்பு எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எனக்கு வாய் இருந்தது. பொன்னமராவதிப் பக்கம் பிறந்த வாய், நாலு தெருவுக்குக் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு ஆறும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஆறக்கூடாது.

அப்போது கட்டுமாவடிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அறந்தாங்கியில் வீடு, தினமும் பஸ். பிள்ளைகள் எல்லோரும் மீன்பிடிக் குடும்பங்கள். அதில் ஒரு பெண் பிள்ளை. அவளுடைய அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விற்றுவிட்டு வருவார். அந்தப் பிள்ளைக்குக் கேள்வி கேட்கிற வியாதி. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்பாள். நண்டு ஏன் நேராக நடக்க மாட்டேன் என்கிறது, அலை ஏன் வந்த வழியே திரும்பிப் போகிறது, அமாவாசைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாக்கு வராது. "முளைச்சு மூணு எலை விடல, அதுக்குள்ள அதிகப்பிரசங்கித்தனமா? உக்காரு" என்பேன். உட்கார்ந்துவிடுவாள். மறுநாள் வேறு கேள்வியோடு எழுந்துகொள்வாள். அவளுக்கு ரோஷமே கிடையாது என்று நினைத்தேன்.

அந்த வருடம் புதுக்கோட்டையில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். கேள்வி வழிக் கற்றல் என்று பெயர். ஆசிரியர் விடையைச் சொல்லித்தரக் கூடாதாம். குழந்தையே ஒன்றைப் பார்க்க வேண்டும், வியக்க வேண்டும், கேட்க வேண்டும், தானே செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான் ஆர்வம் வளரும், கற்பனை வளரும் என்று பயிற்சி கொடுத்தவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். நடுவில் ஒரு ஆசிரியை கையைத் தூக்கினார். "கேள்வியெல்லாம் கடைசியில வச்சுக்கலாம் மேடம்" என்றார் பயிற்சி கொடுத்தவர். கடைசியில் எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நானும்தான் ஓடினேன்.

பதினைந்து நாள் கழித்துத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேலதிகாரி வருகிறார், கேள்வி வழிக் கற்றலில் மாதிரி வகுப்பு ஒன்று நடத்திக் காட்ட வேண்டும் என்றார். "நல்லா ரெடி பண்ணிருங்க டீச்சர். நம்ம பள்ளிக்கூடத்து மானம் ஒங்க கையில இருக்கு."

ரெடி பண்ணினேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கூத்து புரியும். பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகளை நானே எழுதினேன். தாவரம் பாடத்தில் பன்னிரண்டு கேள்விகள். துண்டுச் சீட்டில் எழுதி, நன்றாகப் பேசுகிற பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். யார் முதலில் எழுந்திருப்பது, யார் சந்தேகமாக முகத்தை வைத்துக்கொள்வது, எந்த இடத்தில் எல்லோரும் "ஓ" என்று வியப்பது, எல்லாவற்றுக்கும் ஒத்திகை. ஒரு வாரம் வேறு பாடமே நடக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கும் ஒரு சீட்டு கொடுத்திருந்தேன். குரல் கணீரென்று இருக்கும் என்பதால். இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்பது அவள் கேள்வி. சீட்டைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"இது எனக்குத் தெரியும் டீச்சர். நீங்கதான சொல்லித் தந்தீங்க. தெரிஞ்சத எதுக்குக் கேக்கணும்?"

"கேளுன்னா கேளு. வந்து நிக்கிறா பாரு."

அதிகாரி வந்தார். கூட இரண்டு பேர். தலைமையாசிரியர் வாசல் பக்கத்தில் நின்றார். வகுப்பு தேர் மாதிரி ஓடியது. நான்கு பிள்ளைகள் கேட்டு முடித்திருந்தார்கள், அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அந்த மலர்ச்சியில் அவருக்கும் கொஞ்சம் பேச ஆசை வந்துவிட்டது. எழுந்து நின்று, "பாடத்துல இருந்துதான் கேக்கணும்னு இல்ல. உங்களுக்கு உண்மையிலேயே என்ன தெரிஞ்சுக்கணுமோ அதக் கேளுங்க, பாப்போம்" என்றார்.

மற்ற பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். இவள் ஒருத்திதான் அவர் சொன்னதை நம்பினாள். எழுந்துவிட்டாள்.

"மீனு பொறந்ததுல இருந்து உப்புத் தண்ணியிலதான் கெடக்குது. ஆனா அதத் தின்னா கரிக்க மாட்டேங்குதே, ஏன் டீச்சர்? செத்த மீன ஒரு நாள் பூரா கடத்தண்ணியில ஊறப் போட்டுப் பாத்தேன். சுட்டுத் தின்னா கரிக்குது. உசுரோட கெடக்கையில மட்டும் ஏன் கரிக்கல?"

இப்போது அந்தக் கேள்வியை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பார்த்திருக்கிறாள், வியந்திருக்கிறாள், செய்தும் பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் மைக்கில் அவர்கள் கத்தியது இந்த ஒன்றுக்காகத்தான். அன்று எனக்குச் சிலிர்க்கவில்லை. பதில் தெரியவில்லை. அதிகாரி ஆர்வமாக என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க டீச்சர்" என்றார். தலைமையாசிரியர் பார்க்கிறார். முப்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

"மீன் கூடை தூக்குறவுக வீட்டுப் புள்ளைக்கு வேற என்ன கேள்வி சார் வரும்? வாயத் தொறந்தாலே மீன் நாத்தம்" என்றேன். அவளைப் பார்த்து, "போ, வாயக் கழுவிட்டு வா. அப்புறமா அறிவியல் பேசலாம்."

அதிகாரி சிரித்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. அவர்கள் வீட்டிலும் அதே மீன், அதே கூடை. ஆனாலும் சிரித்தார்கள். இன்னொருத்தியைப் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் தன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்பது பத்து வயதிலேயே தெரிந்துவிடுகிறது.

அவள் நிஜமாகவே வெளியே போனாள். குழாய் ஜன்னலுக்கு நேரே இருந்தது. நான் இலையின் பச்சையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் வாய் கொப்பளிப்பதும் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்ப்பதும் மறுபடி கொப்பளிப்பதும் தெரிந்தது. உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் அவள் அங்கேதான் நின்றாள்.

"நல்லா சமாளிச்சீங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். கலகலப்பான வகுப்பு, மாணவர்கள் அச்சமின்றிக் கேள்வி கேட்கிறார்கள் என்று அதிகாரி பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

அன்று மாலை பஸ்ஸில் போனை எடுத்துத் தேடினேன். அறந்தாங்கி வருவதற்குள் பதில் கிடைத்துவிட்டது. மீன் கடல்நீரைக் குடிக்கத்தான் செய்கிறது. குடித்த உப்பில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. உயிர் இருக்கும் வரை அந்த வேலை ஓயாமல் நடக்கிறது, செத்தால் நின்றுவிடுகிறது. ஒரு பத்து வயதுப் பிள்ளை பாதி பதிலைத் தானே கண்டுபிடித்து என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள். மறுநாள் சொல்லியிருக்கலாம். சொன்னால் நேற்று எனக்குத் தெரியாது என்பது ஊருக்குத் தெரிந்துவிடுமே. ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து மாதமும் அவள் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் உள்ளபடி பதில் சொன்னாள், மதிப்பெண் ஏறியது. பிள்ளை திருந்திவிட்டாள் என்று ஆசிரியர்கள் அறையில் நானே சொன்னேன்.

பிறகு ஒருநாள் அவள் அம்மா வந்தார். கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று வாசலிலேயே தயங்கி நின்றார்.

"டீச்சர், இந்தப் புள்ள தெனமும் சோப்பப் போட்டு வாயத் தேய்க்குதுங்க. ஒதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. மீன் கொழம்பு வச்சா அந்தச் சட்டிப் பக்கமே வர மாட்டேங்குது. எங்கூட ஒரு பாயில படுக்க மாட்டேங்குது. ஏன்டின்னு கேட்டா வாயே தொறக்கல. ஒங்க பேச்சத்தான் கேக்கும், கொஞ்சம் சொல்லுங்க."

பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா போகும்போது எனக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு பாறை மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார். மாதம் இரண்டு முறையாவது கொடுப்பார். அன்றும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் வகுப்புக்கு ஒரு மீனோடு போனேன். செவுளைத் திறந்து காட்டி, உப்பு எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று முழுப் பாடமே நடத்தினேன். "இது அன்னைக்கு இந்தப் புள்ள கேட்ட கேள்வி. நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியல" என்றும் சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ இப்போது எழுந்திருப்பாள், அப்படியென்றால் கருவாடு, அப்படியென்றால் ஆற்று மீன் என்று ஏதாவது கேட்பாள் என்று ஏங்கினேன். பிச்சைக்காரியைப் போலக் காத்திருந்தேன்.

கையைத் தூக்கினாள். எனக்கு உயிர் வந்தது.

"கேளும்மா."

எழுந்து நின்றாள். உதட்டோரம் வெடித்துக் கிடந்தது. நோட்டைப் பிரித்துப் பேனாவைத் தயாராக வைத்திருந்தாள்.

"இது பரிச்சைக்கு வருமா டீச்சர்?"

வராது என்றேன். நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.