மொன்றியலில் ஓர் உக்ரேனிய கோல்கீப்பர்

திங்கள், மாலை ஆறு மணி. டொரொண்டோவிலிருந்து 540 கிலோமீட்டர் ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. நிலையத்துக்கு வெளியே யூட் காரோடு காத்திருந்தார். மன்னார்க்காரர், இங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். என் மகன் மொன்றியலில் படித்த காலத்தில் அவர் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தான். திருச்சிக்கு விமானம் ஏறுவதற்கு முன் அந்தக் குடும்பத்தோடு சில நாட்கள் இருக்கலாம் என்று வந்தேன். செப்டம்பர் கடைசி. வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

"இது குளிரே இல்லை அக்கா. பேந்து ஜனவரியில வந்து பாருங்கோ" என்றார் யூட். ஜனவரியில் வருவதற்கு எனக்கென்ன பைத்தியமா என்று கேட்க நினைத்து, வந்த அன்றே வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

வீடு அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில், நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டர். மாடியறை எனக்கு. கீழே நிலவறையில் ஆந்திரி என்ற உக்ரேனியர் குடியிருந்தார். வயது முப்பத்துநான்கு, தொழில் ஹாக்கி. எனக்குத் தெரிந்த ஹாக்கி, கல்லூரி மைதானத்தில் வெயிலில் ஆடுவது. இங்கே ஹாக்கி என்றாலே பனிக்கட்டிதான். 'ஐஸ் ஹாக்கி' என்று நான் சொன்னபோது யூட்டின் மனைவி ஜெசிந்தாவே சிரித்துவிட்டாள்.

செவ்வாய், இரவுச் சாப்பாடு. ஆந்திரி மேலே வந்து எங்களோடு புட்டு சாப்பிட்டார். நல்ல உயரம், உட்காரும்போது மட்டும் வலது காலை நீட்டி, மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான், அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம். கார்கிவில் பிறந்தவர். பதினாறு வயதில் சுலோவாக்கியா, பிறகு போலந்து, பிறகு அமெரிக்காவில் பெயர் தெரியாத சின்ன ஊர்கள். எங்கும் பெரிய அணி இல்லை. போர் தொடங்கியபோது அவர் வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்தார். மனைவியும் எட்டு வயது மகளும் போலந்தில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அவர் ஆடிப் பழகிய அரங்கத்துக்கு இப்போது கூரை இல்லை.

பக்கத்து ஊர் அணி ஒன்று செயின்ட்-மிஷேலில் உள்ள அரங்கத்தில் ஆட்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. வியாழன் கடைசி நாள். எடுத்துக்கொண்டால் ஒப்பந்தம், ஒப்பந்தம் இருந்தால் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இங்கே தங்க அவரிடம் இருக்கும் அனுமதியே வசந்தம் வரைதான்.

வியாழன், காலை ஏழரை. யூட் லீவு போட்டுவிட்டார். ஜெசிந்தா மடு மாதாவை வேண்டி ஆந்திரியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். அந்த உயரத்துக்கு அவர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. கோல்கீப்பரின் பைக்குள் ஓர் ஆளையே சுருட்டி வைக்கலாம் போலிருந்தது. பின் இருக்கையில் அதோடு நெருக்கியடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். எட்டு கிலோமீட்டர். வழியில் காபி, ஒரு கோப்பை இரண்டு டாலர் சொச்சம், வாயில் வைக்கச் சகிக்கவில்லை.

போகும்போது ஆந்திரி சொன்னார்: "முடிவை யாரும் வெளியே வந்து அறிவிக்க மாட்டார்கள். கழித்துவிட்ட ஆள் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். எடுத்துக்கொண்ட ஆளின் பை உள்ளேயே, அவன் இடத்தில் இருக்கும். அவன் கையை வீசிக்கொண்டு வருவான்."

பத்து மணியிலிருந்து வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தோம். தூறிக்கொண்டிருந்தது. இளம்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையோடு வந்தார்கள். ஒருவன் அப்பாவின் காரில் ஏறும் வரை அடக்கிவைத்திருந்து, ஏறியதும் அழுதான். யூட் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

பதினொன்றரைக்கு ஆந்திரி வந்தார். கையில் ஒன்றுமில்லை.

யூட் கதவைத் திறந்து ஓடினார். மழையிலேயே அவரைக் கட்டிப்பிடித்தார். அந்தக் கையோடு போனை எடுத்து, "ஜெசி, நண்டு எடுத்துக் காய்ச்சு. ஓம், கிடைச்சிட்டுது. ஓம் எண்டு சொல்லுறன்" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவருக்காக. ஆந்திரி முன் இருக்கையில் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்தார். கார் நகர்ந்தபிறகுதான் பேசினார்.

"பையை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். யாராவது பையனுக்கு உதவும். எனக்கு இனி எதற்கு?"

யூட் காரை ஓரம் கட்டினார்.

பயிற்சியாளர் நல்லவர்தானாம். முழங்கால் ஒரு பருவம் தாங்காது என்று நேராகச் சொல்லியிருக்கிறார். பிறகு, முதல் ஆட்டத்தன்று உக்ரேன் கொடியோடு வந்து நிற்க முடியுமா, அரங்கமே எழுந்து கைதட்டும் என்று கேட்டிருக்கிறார். "கோலுக்கு முன்னால் நிற்கவா என்று கேட்டேன். இல்லை, விழாவுக்காகப் பனிமேல் விரிக்கும் கம்பளத்தில் என்றார். மாட்டேன் என்று சொன்னேன்." ஆந்திரி கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் முழங்கால்தான் என்னை வெளியே அனுப்பியது. போர் அனுப்பியதாகச் சொன்னால் எல்லோருக்கும் வசதி. கைதட்டலாம். ஆனால் நான் பதினெட்டு வருடம் ஆடியிருக்கிறேன்."

யூட் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நான் மன்னாரில புட்போல் விளையாடினனான் அக்கா. சண்டை வந்துதான் விட்டனான் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியுறன். அதுக்கு முதலே என்னை டீமில இருந்து எடுத்துப்போட்டாங்கள். ஜெசிக்கும் தெரியாது."

"இவரிடம் சொல்லுங்களேன் தம்பி" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல. இவர் ஒரு நாளிலயே சொல்லிட்டார். எனக்கு முப்பது வருசமா வாய் வரேல்லை."

வீட்டில் நண்டுக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. கொட்டவா முடியும், சாப்பிட்டோம். நல்ல கறி. யாரும் அதைச் சொல்லவில்லை.

சனி, காலை எட்டு மணி. மாலையில் எனக்கு விமானம். மேப்பிள் பாகு வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். யூட்டுக்குத் தெரிந்த ஆப்பிள் கடையில் ஆந்திரி பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாளே சேர்ந்துவிட்டாராம். ஒரு கூடை மக்கின்டோஷ் எட்டு டாலர். கடைக்காரர் வந்தவர்களிடமெல்லாம் பிரெஞ்சில், இவர் உக்ரேனிலிருந்து வந்த ஹாக்கி ஆட்டக்காரர் என்று பெருமையாகச் சொன்னார். ஒரு பெண் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஆந்திரி சிரிக்காமல் நின்று எடுத்துக்கொண்டார், பிறகு அவளுக்குக் கூடையைக் கட்டிக் கொடுத்தார்.

கூட்டம் குறைந்ததும், மகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"நேற்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டாள்." கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஹாக்கிக்காகத்தான் அப்பா தூரத்தில் இருக்கிறார் என்று இத்தனை நாள் நாங்கள்தான் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தோம். இனி ஹாக்கி இல்லையே, அப்படியானால் எல்லோரும் எப்போது வீட்டுக்குப் போகிறோம் என்று கேட்கிறாள்."

எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் அடுத்த பெட்டியைத் தூக்கப் போனார். என் விமானம் ஏழரைக்கு. திருச்சியில் கதவைத் திறந்தால் என் நாற்காலி போட்ட இடத்தில் இருக்கும். மேப்பிள் பாகு டப்பா ஒன்பது டாலர். இரண்டு வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.