பதினேழாம் அறைக்கு வந்த அழைப்பு

அக்கா, இதை நீயும் மாமாவும் மட்டும் படியுங்கள். அம்மா காதுக்குப் போனால் அடுத்த விமானத்தில் ஏறி வா என்பாள். கதை விடுகிறான் என்று மாமா சிரிப்பார். சிரிக்கட்டும். போன ஞாயிறு, பட்டப்பகலில், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். அறைக்கு ஒரு வீடியோ போன். எல்லாம் பழைய வகை இணைய முகவரி. வெளியே யாராவது புது வகையிலிருந்து கூப்பிட்டால் இங்கே மணியே அடிக்காது. அதனால் ஒவ்வொரு போனாகப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தோம். வேலை முடியும்வரை பழைய லைன், புது லைன் இரண்டும் சேர்ந்து ஓடும். மாற்றிவிட்டு, ஆளின் முகத்தைத் திரையில் பார்த்த பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். ஒருவருக்கு அழைப்பு அறுந்தாலும் என் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும்.

மதியம் 3.10. பட்டியலில் ஒன்றே பாக்கி. அறை பதினேழு. கீழே அலுவலகத்திலிருந்து கூப்பிட்டேன். கம்பளிச் சட்டை போட்ட பெரியவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஐயா, பழைய லைனை நிறுத்தப்போறேன்."

"ஐயோ, நிறுத்தாதப்பா. பையன் கூப்பிடுவான்."

"புதுசு போட்டுத்தான் நிறுத்துவேன்."

"சீக்கிரம் போடு. அவனும் ரொம்ப நாளா கூப்பிட்டுப் பாக்குறான்."

எனக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அவர் ஜன்னலில்... இருட்டு.

லைன் மோசமென்றால் உதடு முதலில் அசையும், குரல் பின்னால் வரும். இங்கே குரல் முதலில் வந்தது. உதடு பிறகு அசைந்தது.

3.16. புது முகவரியைப் போட்டேன். முகம் சரியாகத் தெரியவில்லை. முன்னால் வரச் சொல்ல வாயெடுத்தேன்.

"வந்துட்டேன்ப்பா," என்றார்.

நான் இன்னும் கேட்கவே இல்லை...

ட்ரிங்... ட்ரிங்... அவர் பக்கம் மணி.

திரும்பினார். சிரித்தார். "வந்துட்டான்!"

படம் போனது. 3.17.

மாடிக்கு ஓடினேன்.

"பதினேழா? அங்க யாரு தம்பி இருக்கா?" என்றபடி நர்ஸ் கதவைத் திறந்தார்.

அடுக்கி வைத்த மெத்தைகள். சுவரில் அறுந்த வயர்.

போனே இல்லை.

திங்கட்கிழமை மேலாளர் பதிவுகளை எடுத்தார். பெரியவர் இறந்து பத்து மாதம். அவர் இறந்த அன்று மகன் புது வகை லைனிலிருந்து இருபத்திரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். ஒன்றுகூட இங்கே அடிக்கவில்லை. ஞாயிறு 3.17க்கு வந்த அழைப்பும் மகனின் அதே எண்ணிலிருந்துதான்.

மேலாளர் மகனின் வீட்டுக்குப் பேசினார். மனைவி எடுத்தார்.

"அவர் போனா? நாலு மாசமா அலமாரியில அணைஞ்சு கிடக்குதுங்க. அவரே போய்ச் சேர்ந்துட்டாரே..."

பதிவில் அந்த அழைப்பு தொடங்கிய நேரம் இருக்கிறது. முடிந்த நேரம் இல்லை.

"அழைப்பை நிறுத்தட்டுமா சார்?" என்றேன்.

மேலாளர் என் கையை விலக்கினார். "வேணாம். தொடாத."

இன்று வியாழன். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.