கத்துகிற பெட்டியும் என் வாயும்

எங்கள் வீட்டில் நல்ல காரியங்கள் எல்லாமே எனக்குத் தெரியாமல்தான் நடக்கும். என் வாயில் எதுவும் நிற்காது என்பது ஊரறிந்த சங்கதி. ஏழு வயதில், அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பஜ்ஜி கடையில் வாங்கியது என்று சொல்லிவிட்டேன். அத்தை தன் கையால் சுட்டது என்று அம்மா அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. அதற்குப் பிறகு என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி அய்யா, வீட்டில் எதைப் பேசுவதாக இருந்தாலும் முதலில், "ரேடியோ எங்கன இருக்கு?" என்று கேட்டுக்கொள்வார். ரேடியோ என்றால் நான்தான்.

அய்யா கிரேன் ஓட்டினார். எங்களுக்குச் சொந்த ஊர் சிக்கல் பக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊரில் தூண்டில் வளைவு கட்டும் வேலை வந்தபோது அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்தோம். கடல் கரையை அரிக்காமல் இருக்க, தண்ணீருக்குள் கல்லைப் போட்டு நீளமாகக் கட்டிக்கொண்டே போகிற சுவர் அது. கல்லின் மேல் ஆள் உயரக் கான்கிரீட் கட்டிகளை அய்யாவின் கிரேன் தூக்கி வைக்கும். தொங்குகிற கட்டி காற்றில் சுழலாமல் இருக்க, கீழே நின்று கயிறு பிடிப்பது சித்தப்பாவின் வேலை. அய்யாவுக்கு ஒரே தம்பி. வைகாசியில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வழக்கம்போல அது எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

வேலைத்தளத்துச் சங்கதியை அய்யா வீட்டில் பேசவே மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, அரை வாளித் தண்ணீரைக் கையில் கொடுத்தார்.

"நெஞ்சோட சேத்துப் பிடி ஆத்தா."

பிடித்தேன்.

"இப்ப கைய நீட்டிப் பிடி."

வாளி என் காலிலேயே விழுந்தது. அய்யா சிரிக்கவில்லை. "கிரேனும் இப்படித்தான். கிட்டக்க வச்சாத் தூக்கும். எட்டக் கொண்டு போகப் போகப் பலம் கொறையும். மீறுனா குடை சாஞ்சிரும்" என்றார்.

அப்புறம் பெட்டியைப் பற்றிச் சொன்னார். தாங்காத பாரத்தைத் தூக்கினால் கிரேனுக்குள் ஒரு பெட்டி கத்துமாம். கத்தியதும் கிரேன் தானாகவே நின்றுவிடுமாம். அந்தப் பெட்டியை ஊமையாக்க ஒரு சாவி உண்டு. பொறுப்பான அதிகாரியிடம் பத்திரமாக இருக்க வேண்டிய அந்தச் சாவி, இங்கே கிரேனிலேயே திருப்பிவிடப்பட்டுக் கிடந்தது. கட்டிக்குக் கட்டி கிரேனை முன்னே நகர்த்தி, தரையைச் சமன்செய்து, காலூன்றி நிறுத்த நேரம் பிடிக்கும். சூப்பர்வைசருக்கு அந்தப் பொறுமை கிடையாது. நின்ற இடத்திலிருந்தே எட்டி வைக்கச் சொல்லுவார். அய்யா இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். "பயமா இருந்தா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்று பதில் வந்ததாம். போன வாரம் ஒரு கட்டியை எட்டி வைக்கும்போது கிரேனின் பின்கால் நாலு விரற்கடை தரையை விட்டு எழும்பிவிட்டது. கட்டிக்குக் கீழே சித்தப்பா நின்றிருந்தார்.

"இதை யாருகிட்டயும் சொல்லிறாத, என்ன?" என்றார் அய்யா.

மறுநாளும் வாளி, அதே பாடம். மூன்றாம் நாள் என்னையே ஒப்பிக்கச் சொன்னார். பெட்டி, சாவி, நாலு விரற்கடை என்று எதையும் விடாமல் ஒப்பித்தேன். "மூச்சு விடக்கூடாது" என்று மறுபடியும் எச்சரித்தார். எனக்கு ஒரே பூரிப்பு. பிறந்ததிலிருந்து என்னை நம்பி யாரும் ஒரு ரகசியத்தைத் தந்ததில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நான்கு நாள் தாக்குப்பிடித்தேன். என் வரையில் அது பெரிய சாதனை.

ஐந்தாம் நாள் வேலைத்தளத்தில் பாதுகாப்பு வார விழா. பந்தல், மைக், சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி. தொழிலாளர் பிள்ளைகள் பேசலாம் என்றிருந்தார்கள். அய்யாவே என் பெயரைக் கொடுத்திருந்தார். பாதுகாப்பு நம் கண், கடமை நம் இமை என்று டீச்சர் எழுதித் தந்ததை ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்தேன். அதிகாரி மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு சில்வர் டிபன் டப்பா பரிசு கொடுத்தார்.

"உங்க அப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"கிரேன் ஓட்டுறாக."

"கவனமா ஓட்டுவாரா?"

அவர் பாசமாகத்தான் கேட்டார். எனக்கோ அய்யாவைக் குறை சொல்வதுபோலப் பட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கய்யா கவனமாத்தான் ஓட்டுவாக. அந்தப் பெட்டியத்தான் சாவி போட்டு கத்தவிடாம வச்சிருக்காக!"

மைக் என் கையிலேயே இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது.

"எந்தப் பெட்டிம்மா?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. டிபன் டப்பாவை நெஞ்சோடு பிடித்தும், கையை நீட்டிப் பிடித்தும் காட்டினேன். நாலு விரற்கடையை விரல் வைத்தே அளந்து காட்டினேன். "கீழ எங்க சித்தப்பாதான் நிப்பாக. அவுகளுக்கு வைகாசியில கல்யாணம்" என்று முடித்தேன். சொல்லி முடித்த பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பதே உறைத்தது. கடைசி வரிசையில் அய்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி நேரே கிரேனுக்கு நடந்தார். திரும்பி வரும்போது சாவி அவர் கையில் இருந்தது. அன்றைக்கு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார். கார் மறைந்ததும் சூப்பர்வைசர் அய்யாவைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைய இப்படியாய்யா வளப்ப?"

அய்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சின்னப் புள்ள சார். அது வாயில எதுவும் நிக்காது. ஊருக்கே தெரியும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

"அய்யா, ஒங்க வேலை போயிருமா?"

"தெரியலத்தா" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வேலை போகவில்லை. பெரிய அதிகாரி கையால் பரிசு வாங்கிய பிள்ளையின் தகப்பனை அவ்வளவு சுலபமாக வெளியே அனுப்ப முடியாதே! ஆனால் நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சூப்பர்வைசர் கைகாட்ட, அய்யா ஒரு கட்டியைக் கடல் பக்கம் நீட்டியிருக்கிறார். பெட்டி கத்திவிட்டது. கிரேன் அப்படியே நின்றது. கீழே இருந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு விலகி ஓடினார்கள். அய்யா கட்டியை மெல்லக் கிட்டே இழுத்து இறக்கினார். பிறகு எடை போட்டுப் பார்த்தால், அதன் மேல் எழுதியிருந்த எடையைவிடக் கட்டி ரொம்பவே கனமாம்.

அன்று மாலை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். "அது கத்துன கத்துல என் செருப்பு எங்கன போச்சுன்னே தெரியல மதினி" என்று அம்மாவிடம் சிரித்தார். கையிலிருந்த டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அதையே மூன்று தடவை சொன்னார். அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். அய்யா ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். கருப்பட்டி மிட்டாய். யாருக்கும் பங்கு இல்லாமல் முழுசாக எனக்கு.

சித்தப்பா கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. அவருடைய மகளுக்கே இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். போன மாதம் என் வீட்டுக்காரரிடம் அய்யா போனில் பேசிக்கொண்டிருந்தது அடுப்படிவரை கேட்டது. "பேச்சு முடியுற மட்டும் அவகிட்ட மூச்சு விட்றாதீக மாப்ள. பரமக்குடி வரைக்கும் போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கையில் கரண்டியோடு சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றுவிட்டேன். ஒரு சம்பந்தத்தை, ஒரு கோயில் பயணத்தைக்கூட இன்றுவரை என் காதில் போடாத மனிதர் அவர். அந்த ஒரு சங்கதியை மட்டும் மூன்று நாள் உட்காரவைத்து எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். ஒப்பிக்கவும் வைத்திருக்கிறார். கையோடு விழாவில் பேசப் பெயரும் கொடுத்திருக்கிறார்.

அன்று எனக்கு எட்டு வயது. ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத பிள்ளையை அய்யா பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டுதான், அந்தக் கருப்பட்டி மிட்டாயைக் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தின்றேன்.