மூன்றாவது மன்றாட்டு

நான் ஆறு வருஷம் சீனப் பள்ளியில் படித்தவள். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, முதலாளிமார்கள் எந்த மொழியில் ஃபோன் பேசுகிறார்கள் என்று கவனித்துவிட்டு எடுத்த முடிவு அது. பெரியப்பா அதற்காக ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க எங்கள் வீட்டுப் பலகாரத்தைத் தொடவில்லை. மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்த்த அம்மா, வாரத்தில் ஒரு நாள் எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க உட்காருவார். 'ஊ' வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அம்மாவுக்கு 'ஈ'யிலேயே வந்துவிடும். இப்படியாகப் பதின்மூன்று வயதில் எனக்குத் தமிழ் வாயில் நிறைய இருந்தது, கண்ணில் இல்லை. தேவாலயத்தில் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது நானும் திறப்பேன். பக்கத்தில் இருப்பவர் பக்கம் திருப்பினால் நானும் திருப்புவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

அந்த வருஷம் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு தேவாலயத்தில் கத்தோலிக்க இளையோர் மாநாடு நடந்தது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும். ஆங்கிலம், மலாய், தமிழ், சீனம் என்று நாலு மொழிப் பிள்ளைகளும் வருவார்கள். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஆறு பேர் போவதாக இருந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஏற்பாடு செய்யும் ஆன்டி அப்பாவுக்கு ஃபோன் செய்தார். ஞாயிறு திருப்பலிப் பூசையில் வாசிக்கும் பொது வேண்டுதல்களில் மூன்றாவது மன்றாட்டு தமிழில் இருக்கிறது, உங்கள் மகள் வாசிப்பாளா என்று கேட்டார். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் சூப்பரா படிச்சிருவா ஆன்டி."

வெள்ளிக்கிழமை கொமுட்டர் ரயிலில் போகும்போது, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று அழுகை வரும் குரலில் கேட்டேன். அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மூனு வரிதானே லா. ரெண்டாயிரம் சீன எழுத்து படிச்சவ நீ. தமிழ்ல மொத்தமே எரநூத்தி நாப்பத்தேழு. என்னா பெரிசு?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் காஜாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்துக் கடலை தின்னத் தொடங்கினேன்.

வாசலில் அட்டை தந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மஞ்சள், சீனப் பிள்ளைகளுக்குச் சிவப்பு, இப்படி. யாரும் எந்த மொழி என்று கேட்கவில்லை; முகத்தைப் பார்த்தார்கள், கழுத்தில் மாட்டினார்கள். மஞ்சள் அட்டையோடு எனக்கு ஓர் உறையும் கிடைத்தது. அதற்குள் மன்றாட்டுத் தாள். நாலு வரி தட்டச்சு செய்திருந்தது. மூன்று வரி என்று அப்பா சொன்னது அங்கேயே பொய்யாகிவிட்டது. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, இப்போது காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்குமே என்று கடவுளிடமே கேட்டேன்.

காய்ச்சல் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவு இழந்திருப்பேன்! சபா மாநிலத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் கிட்டாரோடு மேடையில் குதித்தார், நாங்களும் குதித்தோம். நாலு மொழிப் பாட்டுக்கும் ஒரே மாதிரிதான் கை தட்ட வேண்டியிருந்தது. பந்தயம் வைத்துப் பைபிள் கதைகளை நடித்தோம். எங்கள் குழுவில் நோவாவின் பெட்டகத்தில் ஒட்டகச்சிவிங்கி வேஷம் எனக்கு. எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. அத்தனை பேரோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்ததும், பல் தேய்க்க வரிசையில் நின்றதும் எனக்குத் திருவிழாவாக இருந்தது. சட்டைப்பைக்குள் தாள் மட்டும் அவ்வப்போது சரசரத்தது.

சனிக்கிழமை காலை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு மாடிப்படியின் திருப்பத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டம் ஒன்று வைத்திருந்தேன். யாராவது ஒருமுறை வாய்விட்டு வாசித்தால் போதும், அந்தச் சத்தத்தையெல்லாம் சீன எழுத்தில் எழுதிக்கொள்வேன். ஆனால் யாரைக் கேட்பது? எங்கள் பங்குப் பிள்ளைகளைக் கேட்டால் அன்றைக்கே கிள்ளான் வரை தெரிந்துவிடும். தாளை விரித்து வைத்துக்கொண்டு, தெரிந்த எழுத்து ஏதாவது வருகிறதா என்று தேடினேன். 'அ' இரண்டு இடத்தில் இருந்தது.

"எங்கள் நடுவே வாழும் ஏழைகளுக்காக மன்றாடுவோம்" என்று என் தலைக்குமேல் ஒரு குரல் தடங்கலில்லாமல் வாசித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். இரவு எனக்கு அடுத்த பாயில் படுத்திருந்த சீனப் பெண். குட்டை முடி, கழுத்தில் சிவப்பு அட்டை. பெயர் மேய் லிங் என்று அதில் எழுதியிருந்தது. அவளிடம் நான் முதல் நாளே சீனத்தில் பேசிப் பார்த்திருந்தேன். அவள் சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கர்வக்காரி என்று முடிவு கட்டியிருந்தேன்.

"உனக்கு எப்படித் தமிழ் படிக்கத் தெரியும்?"

"கேரி தீவு. எஸ்டேட் பக்கத்துல எங்க அப்பா மளிகைக் கடை வச்சிருக்காரு. கிட்ட இருந்த ஸ்கூல் தமிழ் ஸ்கூல்தான். ஆறு வருஷம்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ தமிழ்தானே? இது படிக்கத் தெரியாதா?"

"நீ சீனம்தானே? நேத்து நான் கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லல?"

"நீ பேசினது ஒன்னும் புரியல லா! வீட்டுல ஹொக்கியன் பேசுவோம், அது வேற மாதிரி சீனம், அவ்வளவுதான். இந்த அட்டையைப் போட்டதுலேருந்து எல்லாரும் என்கிட்ட சீனம் பேசறாங்க. நான் தலையாட்டிக்கிட்டே இருக்கேன்."

பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே காலம் தள்ளுகிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இருவரும் சிரித்த சிரிப்பில் என் காரச் சம்பால் படியில் கொட்டிவிட்டது.

அன்று முழுக்க அவள்தான் எனக்கு வாத்தியார். அவள் வாசிக்க வாசிக்க, தாளின் பின்பக்கத்தில் சீன எழுத்தில் எழுதிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒப்பித்தேன். மற்ற எல்லாம் வந்துவிட்டது. ஏழை மட்டும் வரவில்லை. சீனத்தில் 'ழ' கிடையாது. எனக்கு அது வீட்டிலும் கிடையாது. நாங்கள் பழத்தைப் பலம் என்றே சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

"ஏலை இல்ல. ஏழை. நாக்கை மடி."

"ஏலை."

"இன்னும் மடி."

"ஏலி."

மேய் லிங் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எலி மாதிரி இருக்கு நீ சொல்றது. மேடையில போய் எலின்னு சொல்லிடாதே, சரியா?"

அதுவரை என் தலைக்குள் எலியே இல்லை. அவள்தான் அதை உள்ளே விட்டாள்.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனம், குருவிடம் பாவங்களைச் சொல்லும் நேரம். நாலு மூலையில் நாலு குருக்கள், நாலு வரிசை. மேய் லிங் என்னோடு தமிழ் வரிசையில் வந்து நின்றாள். சைனீஸ் அந்தப் பக்கம் என்று மூன்று பேர் அவளுக்குக் கைகாட்டினார்கள். நாலாவதாக ஏற்பாட்டு ஆன்டியே வந்து தோளைத் தொட்டுத் திருப்பியபோது, மேய் லிங் சத்தமாகச் சொன்னாள்:

"ஆன்டி, நான் பாவம் செஞ்சது எல்லாம் தமிழ் ஸ்கூல்லதான். தமிழ்லதான் சொல்ல வரும்."

ஆன்டி தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பையனைச் சற்று நகர்த்தி இடம் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நிரம்பி வழிந்தது. பெற்றோர்களும் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு ஷிஃப்ட். அப்பா மட்டும் கடைசி வரிசையில், கிறிஸ்துமஸுக்குப் போடும் நீலச் சட்டையில், முடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் சட்டைப்பைக்குள் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முதல் மன்றாட்டு ஆங்கிலத்தில், இரண்டாவது மலாயில். என் முறை வந்தது. மேடைக்குப் போய்த் தாளை விரித்தேன். சீன எழுத்துகள் வரிசையாக, அழகாக நின்றன. மேய் லிங் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து நாக்கை மடித்துக் காட்டினாள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, அந்த மண்டபத்தின் கடைசி மூலை வரை கேட்கும்படி கணீரென்று வாசித்தேன்.

"எங்கள் நடுவே வாழும் எலிகளுக்காக மன்றாடுவோம்."

சொன்னது காதில் விழுந்தது. ஆனால் நான் ஒப்பித்துப் பழகியவள். நடுவில் நிறுத்தினால் மிச்சம் மறந்துவிடும். அதனால் மேலே போனேன்.

"அவர்களுக்கு வயிறார உணவு கிடைக்கவும், எங்கள் வீட்டுக் கதவுகளை அவர்களுக்குத் திறந்துவிடும் தாராள மனம் எங்களுக்கு வாய்க்கவும் வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பழக்க தோஷம். சீனரும் மலாய் பேசுகிறவர்களும் திரையில் ஆங்கில எழுத்தில் ஓடிய பதிலைப் பார்த்துக்கொண்டு, தமிழர்கள் மனப்பாடமாக, அத்தனை பேரும் ஒரே குரலில் பக்தியோடு பதில் சொன்னார்கள்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அதற்குப் பிறகுதான் தமிழ் தெரிந்தவர்களுக்கு என்ன வேண்டிக்கொண்டோம் என்பது உறைத்தது. முதலில் ஒரு பெஞ்சு குலுங்கியது. பிறகு அடுத்தது. பாடற்குழுவில் ஒருவர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தமிழ் தெரியாதவர்கள் என்ன என்ன என்று கேட்க, கேட்டவர்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பு போக, நாலாவது மன்றாட்டை வாசிக்க வந்த சீன அண்ணன் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் நிறுத்தினார். கடைசி வரிசையில் அப்பா தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திருப்பலி முடிந்ததும் நான் கழிப்பறைக்குள் புகுந்து தாளிட்டுக்கொண்டேன். மேய் லிங் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "நான்தான் எலின்னு சொன்னேன், என் தப்பு" என்று அவளும் வெளியே அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுவதைக் கேட்டுத்தான் நான் கதவைத் திறந்தேன். வெளியே அவளோடு நின்றவர், திருப்பலி நிறைவேற்றிய ஃபாதர். சபாக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பெண்கள் கழிப்பறைக்கு நாலடி தள்ளிச் சங்கடமாக நின்றுகொண்டு மலாயில் பேசினார். எலியையும் கடவுள்தானே படைத்தார், இதுவரை அதற்காக யாருமே வேண்டியதில்லையே, நல்லதாகப் போயிற்று என்றார். தம்முடைய முதல் பிரசங்கத்தில் தாம் உளறியதையும் சொன்னார். அது இங்கே எழுதக்கூடியதாக இல்லை. நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தோம்.

வாசலில் மேய் லிங்கும் நானும் அட்டைகளைக் கழற்றி மாற்றிக்கொண்டோம். அந்தச் சிவப்பு அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் கேரி தீவுக்கு அவளுடைய அப்பாவின் வேனில் ஏறிப்போனாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்க, "நாக்கை மடி!" என்று கத்திக்கொண்டே போனாள்.

அப்பா திட்டவில்லை. ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது இரண்டு மூன்று தடவை "எலி" என்று தமக்குள் சொல்லிச் சிரித்தார். பூமாலைக் கடைகளைத் தாண்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சாமி படமும் பள்ளிப் புத்தகமும் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தார். சின்னப் பிள்ளைகளுக்கான தமிழ் எழுத்துப் பயிற்சிப் புத்தகம் கேட்டார். அட்டையில் யானைப் படம் போட்டது. இரண்டு வாங்கினார்.

"ரெண்டு எதுக்குப்பா?"

"ஒன்னு மழையில நனைஞ்சிருச்சின்னா?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் மழைக்குக் குறைச்சல் இல்லை.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அப்பா ஒரு புத்தகத்தை எடுத்து எங்கள் இருவர் மடியிலும் படும்படி விரித்தார். லோரி கிரீஸ் போகாத விரலை முதல் எழுத்தின்மேல் வைத்து, "இது என்னா?" என்றார். சொன்னேன். "இது?" அதையும் சொன்னேன். அவர் உதட்டை அசைத்து அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டார். அப்பா காப்பார் என்ற ஊரில் மலாய்ப் பள்ளிக்கு மட்டுமே போனவர் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்பாக்களுக்கு எல்லாம் தெரியும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். அதனால் எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்றே எண்ணி விறைப்பாக உட்கார்ந்து பதில் சொன்னேன்.

கிள்ளான் தாண்டும்போது 'ங' வந்தது. அதற்குச் சங்குப் படம் போட்டிருந்தது. எழுத்து தெரியவில்லை, படத்தைப் பார்த்துவிட்டுத் துணிந்து "ச" என்றேன்.

அப்பா அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "ச" என்று மெதுவாகச் சொல்லித் தலையாட்டினார்.

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் காலையில் நான் பட்டது போதும் என்று இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனது பண்ணி அதை ஏற்றுக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.