மருந்து பொய் சொல்லாது என்றேன்

எழுபதுகளின் நடுவில் நான் பாலக்காட்டில் விடுதியில் தங்கி பிரீடிகிரி படித்தேன். வீடு தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுப் போன எனக்கு அங்கே எல்லாம் இங்கிலீஷாக இருந்தது. மாவுச்சத்து ஸ்டார்ச் ஆகியிருந்தது, புரதம் புரோட்டீன் ஆகியிருந்தது. உயிருள்ள எல்லாமே கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று நாலைந்து சரக்கில் செய்ததுதான் என்று லெக்சரர் முதல் வாரமே சொன்னார். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன், புரியவில்லை. மூன்று மாதம் வகுப்பில் பின்வரிசையில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

முதன்முதலில் எனக்குப் புரிந்தது சோதனைச்சாலையில். உருளைக்கிழங்குத் துண்டின்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டார்கள். பழுப்பாக விழுந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது. ஸ்டார்ச் என்பது சர்க்கரை மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி, அது சுருண்டு கிடக்கும், அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்கார்ந்தால் நீலம் தெரியும் என்றார்கள். சர்க்கரை தனியாக இருந்தால் சுருள் கிடையாது, நிறமும் மாறாது. அன்றைக்கு ராத்திரிச் சோற்றைத் தட்டில் பார்த்தபோது அது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. நானும் படித்தவள் என்ற நினைப்பு அன்றுதான் வந்தது.

அந்த நினைப்போடுதான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மலையேறினேன்.

அப்பாவின் மருந்தறையில் டிங்சர் அயோடின் எப்போதும் இருக்கும். கொஞ்சம் வாங்கித் தண்ணீர் விட்டு ஒரு சின்னப் புட்டியில் வைத்துக்கொண்டேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் நாலு வீடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் அடுப்படிக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். சோறு, கப்பைக்கிழங்கு, ரொட்டி எல்லாம் நீலமாயின. முட்டை வெள்ளைக்கரு மாறவில்லை. அது புரோட்டீன் என்று விளக்கினேன். சீனித் தண்ணீரும் மாறவில்லை. அதற்கும் விளக்கம் சொன்னேன். கடைசி வீட்டு ஹெட்கிளார்க் மனைவி, "கம்பவுண்டர் மகள் அடுத்து டாக்டருக்குத்தான்" என்றார். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

பிறகு பாலில் ஒரு சொட்டு விட்டேன். பாலில் ஒரு சர்க்கரை உண்டு, புரோட்டீன் உண்டு, கொழுப்பு உண்டு, ஸ்டார்ச் மட்டும் கிடையாது, அதனால் நிறம் மாறாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் விட்டேன். மாறியது. வெளிறிய நீலம்தான், ஆனாலும் நீலம்.

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"மாவு கலந்திருக்கு" என்றேன். அவ்வளவு சட்டென்று.

பால் கொண்டுவருவது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மகனோடு இருந்த ஓர் அக்கா. கொழுந்து எடுக்கிற வேலையில் இருந்தவர். சரிவில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு கூடை சுமக்க முடியாமல் போயிற்று. ஒரே ஒரு பசு வைத்திருந்தார். எங்கள் நாலு வீட்டுக்கும், கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகைக்கும் அவர்தான் பால். கொட்டகைக்கு யாரிடம் பால் வாங்குவது என்பது அப்பாவின் பொறுப்பு.

மறுநாள் காலையில் அவர் வந்தபோது நாலு வீட்டுப் பெண்களும் எங்கள் வாசலில் இருந்தார்கள். அவருக்கு எதுவும் தெரியாது. எப்போதும்போல சொம்பைச் சாய்த்தார். அம்மா எப்போதும்போல துணி கட்டி வடித்து வாங்கினாள். நான் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெள்ளைப் பீங்கானில் ஊற்றிச் சொட்டு விட்டேன். நீலம்.

"இது என்ன பாப்பா?" என்று கேட்டார் அக்கா.

"பால்ல மாவு இருந்தா இந்த நெறம் வரும்."

"மாவா? நான் எதுக்கு மாவு போடுதேன்?"

ஹெட்கிளார்க் மனைவி சொன்னார்: "தண்ணிய ஊத்திட்டு, கெட்டியாக் காட்டத்தான்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "கம்பவுண்டரம்மா, ஆண்டவர் அறிய நான் ஒண்ணும் போடல. பிள்ளைங்க குடிக்கிற பாலு. தண்ணி கூட ஊத்தினது கெடயாது." பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, இன்னொரு தடவ பாக்கியளா?" என்றார். கெஞ்சவில்லை. சாதாரணமாகக் கேட்டார், எடை தப்பிவிட்டதா என்று கடையில் கேட்பதுபோல.

நான் பார்க்கவில்லை. "ஆளு பொய் சொல்லலாம். மருந்து பொய் சொல்லாது" என்றேன்.

பதினேழு வயது எனக்கு. அவருக்கு நாற்பதுக்கு மேல். நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பத்தியச் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். கேள்விப்படாவிட்டாலும் அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது.

அவர் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே நாலு வீட்டிலும் பாலை நிறுத்தினார்கள். அப்பா கொட்டகைக்கும் நிறுத்திப் பால்பவுடர் டின் கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு எழுதினார். குழந்தைகள் விஷயம் என்பதால் அவர் யோசிக்கவே இல்லை. மகள் கண்டுபிடித்தது என்பதால் சந்தேகமும் வரவில்லை.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பினேன். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, சோதனை வகுப்பில் தெரியாத ஐந்து கரைசல்களைக் கொடுத்து எதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். என்னுடைய ஐந்திலும் ஸ்டார்ச் வந்தது. லெக்சரர் என் தாளைப் பார்த்துவிட்டு, வெறும் தண்ணீரை ஒரு சோதனைக்குழாயில் ஊற்றிச் சொட்டு விடச் சொன்னார். நான் குழாயைக் கழுவி, எப்போதும்போல தாவணி முந்தியால் உள்ளே துடைத்து, தண்ணீர் ஊற்றிச் சொட்டு விட்டேன். தண்ணீரும் நீலமானது.

"பச்சைத் தண்ணியிலயும் ஸ்டார்ச்சா?" என்று மலையாளத்தில் கேட்டார். பிறகு என் தாவணியைப் பார்த்தார். விடுதி வண்ணான் கஞ்சி போட்டுத் தேய்த்த தாவணி, மொடமொடவென்று இருந்தது. வகுப்பே சிரித்தது.

நானும் சிரித்திருப்பேன். அதற்குள் வீட்டு அடுப்படி கண்முன் வந்துவிட்டது. அம்மா பால் வடிக்கிற துணி அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்தது. அப்பாவின் ஆஸ்பத்திரிக் கோட்டும் வேட்டியும் சனிக்கிழமைதோறும் கஞ்சித் தண்ணீரில் முங்கும். வெள்ளைத் துணி என்று பால்துணியும் கூடவே முங்கும். கறந்த இளஞ்சூட்டோடு பால் அதன் வழியாகத்தான் ஒவ்வொரு நாளும் இறங்கியது. அக்காவின் சொம்பிலிருந்து நேராக ஒரு சொட்டுகூட நான் எடுக்கவில்லை.

அன்றைக்கே வீட்டுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், கிழித்தேன். அப்பா தன் கையெழுத்துப் போட்டுப் பாலை நிறுத்தியவர், அவருக்குக் கெட்ட பெயர் வரும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. "அடுத்து டாக்டருக்குத்தான்" என்ற பேச்சை விட எனக்கு மனம் வரவில்லை. ஏப்ரல் வரை அதை வயிற்றில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், படித்தேன், பரீட்சை எழுதினேன். ஸ்டார்ச் பற்றி ஒரு கேள்வி வந்தது. நல்ல மார்க் வாங்கினேன்.

ஏப்ரலில் வீட்டுக்குப் போன அன்று அம்மா சொன்னாள், அக்கா பசுவை விற்றுவிட்டாராம். கம்பம்மெட்டுப் பக்கத்து ஆள் ஓட்டிக்கொண்டு போனானாம். அவர் இப்போது சாந்தன்பாறையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், உட்கார்ந்து காய் தரம்பிரிக்கிற வேலையில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகன் வீட்டுக்கு வருவாராம்.

நான் கொடியிலிருந்து பால்துணியை எடுத்து ஒரு கிண்ணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அம்மா முன்னால் சொட்டு விட்டேன். தண்ணீர் நீலமானது. அம்மா கிண்ணத்தையே பார்த்தாள்.

"எப்பத்துலருந்து தெரியும் உனக்கு?"

"ஜனவரி."

"ஜனவரிலருந்து வாயைப் பொத்திக்கிட்டா இருந்த?" என்றாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிறன்று மாதாகோயிலில் பூசை முடிந்து அக்கா லயத்துக்கு நடக்கும்போது பின்னால் போய்ப் பிடித்தேன். சாய்வாக, ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். துணி, கஞ்சி, அயோடின் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சிருங்க என்றேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"பாலுல மாவு இல்லன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அந்த நாலு வீட்டுலயும்லா சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவளுக்கு வழி சொல்வதுபோல இருந்தது. என்னால் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மதியமே போனேன். எங்கள் வீடு ஒன்று. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டில் "அய்யோ பாவம்" என்றார்கள். அதற்கடுத்த வீட்டில், "சரி விடு, மாடும் போயாச்சு, இனிப் பேசி என்ன" என்று காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். கடைசி வீட்டுக் கதவு வரை நடந்தேன். உள்ளே ஹெட்கிளார்க் மனைவி யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

அப்பாவிடம் அம்மாதான் சொன்னாள். அவர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தெந்த வீட்டுல சொல்லிட்ட?" சொன்னேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனார். அங்கிருந்து கொட்டகைக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடமும் சொன்னார். அடுத்த ஞாயிறு லயத்துக்குப் போய் அக்காவிடம், மாடு வாங்கினால் கொட்டகைப் பால் பழையபடி உங்களுக்குத்தான் என்றார். "இனி மாட்டுக்குப் பின்னால நடக்க இடுப்புல தெம்பில்லய்யா" என்று அவர் சொல்லிவிட்டாராம்.

கடைசி வீட்டுக்கும் கொட்டகைக்கும் போய்விட்டு அன்று அப்பா திரும்பி வந்தபோது நான் வாசலில் நின்றேன். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சொல்லிட்டேன்" என்றார். "நீ போயிருக்கணும்."