நிலவறையில் கிணறு இறைத்தோம்

யாழ்ப்பாணத்தானுக்கு ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்களிடம் ஆறு இல்லை. கருத்துச் சொல்ல அது எனக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில், அகதிகளாக வந்த எங்கள் நான்கு பேரையும் ஜெர்மனியின் ஹம் நகருக்குத் தெற்கே, இரண்டு மலைகளுக்கிடையில் நெரிபட்டுக் கிடந்த சிற்றூரில், ஒரு பழைய விடுதியில் இருத்தினார்கள். பின்னால் கணுக்கால் நனையாத ஓடை. மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரக் கிழவி, நிலவறைச் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் கீறியிருந்த கோட்டைக் காட்டி, முன்பொருமுறை வெள்ளம் அதுவரை ஏறியது என்றாள். நான் ஓடையை எட்டிப் பார்த்துவிட்டு, ஜெர்மன்காரரும் கதை அளப்பார்கள் என்று மற்றவர்களுக்கு விளக்கினேன்.

அந்த வீட்டை விட்டால் எங்களுக்கு முகாம்தான். அங்கே சமைக்க விடமாட்டார்கள். பாண், உருளைக்கிழங்கு, சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு. இங்கே சொந்தக் குசினி இருந்தது. அகதி அந்தஸ்து கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுப்பு போகக்கூடாது என்ற நிலையில் இருந்தோம்.

ஒரு கோடைப் பின்னேரம் மலை உச்சியில் இடித்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில். சோறு வடிப்பதற்குள் ஓடை மரக்கட்டைகளோடு வந்து நிலவறையை நிரப்பிவிட்டது. கிழவி காட்டிய கோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

மறுநாள் வந்த அகதி அலுவலக அதிகாரி, சுவர் தாங்கினால் இருக்கலாம், இல்லையென்றால் முகாம் என்று சொல்லிப் போனார். தீயணைப்புக்காரரின் பம்ப் ஊர் முழுக்கச் சுற்றித்தான் எங்களிடம் வரும். எனக்குப் பொறுமையில்லை. ஆறு தெரியாவிட்டால் என்ன, கிணறு தெரியுமே. வருடா வருடம் கிணறு இறைத்துச் சேறு அள்ளிய பரம்பரை. வாளிகளோடு படிகளில் வரிசையாக நின்றோம், மேற்பார்வை நான். மதியத்துக்குள் பாதி இறங்கியது. சுவர்க் கற்களின் இடுக்கிலிருந்து தண்ணீர் பீச்சத் தொடங்கியது.

“அண்ணை, நல்ல ஊத்துக் கண்டிட்டம்,” என்றான் எங்களில் இளையவன்.

பழக்கதோஷத்தில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிணற்றில் அதுதானே வேண்டியது.

கிழவி இறங்கி வந்தாள். என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினாள். வெளியே மண் முழுக்கத் தண்ணீர் நெருக்குகிறது. உள்ளே நிற்கும் தண்ணீர்தான் சுவரைத் தாங்குகிறது. நாள்கணக்கில், மெல்ல மெல்லத்தான் இறக்கவேண்டும் என்று கைகளாலும் காட்டினாள். அதற்குள் சுவர் உள்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது.

“இப்ப என்ன செய்யிறது, அண்ணை?”

“திருப்பி ஊத்தடா,” என்றேன்.

காலையில் இறைத்ததைப் பின்னேரம் ஊற்றினோம். பிறகு அவள் சொன்ன அளவில் இறக்கி, ஊறிய பூச்சைக் கொத்தியெடுத்து, யன்னல்களைத் திறந்து, இரவல் வாங்கிய காற்றாடியை ஓடவிட்டுக் காயவைத்தோம்.

அதிகாரி மறுபடி வந்தார். சுவரின் வயிற்றில் தட்டி, இது என்ன என்று கேட்டார். நான் குனிந்து என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தேன். பழைய வெள்ளத்தில் வந்தது என்றாள் கிழவி, முகம் அசையாமல். அவர் இன்னொருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, முட்டுக் கொடுத்தால் போதும், இருக்கலாம் என்றார்.

அன்று கோழிக்கறி. கிழவிக்கும் ஒரு கோப்பை அனுப்பினோம். உறைப்பில் கண் சிவந்து இறங்கி வந்தாள். வாளிகளை எல்லாம் பொறுக்கி மேலே கொண்டுபோய்ப் பூட்டிவைத்தாள்.